பச்சிளங்குழந்தைக்கான பொருள்கள்: தேர்வும் வரிசையும்

பிறக்கவிருக்கும் குழந்தைக்காகக் கடைக்குச் செல்லுமுன் பெற்றோர் முதலில் செய்ய வேண்டியது, முதல் மூன்று மாதங்களுக்கு இன்றியமையாதவற்றையும் பொறுத்து வாங்கத்தக்கவற்றையும் பிரித்து எழுதிக்கொள்வதாகும். இதற்கு நல்லதோர் அளவுகோல் தமிழ்நாட்டிலேயே உண்டு. அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்காக 2015இல் தொடங்கப்பட்ட பரிசுப் பெட்டகத்தில் துண்டு, உடை, சிறு படுக்கை, கொசுவலை, நாப்கின், சோப்பு, நகவெட்டி, கிலுகிலுப்பை முதலிய 16 பொருள்களே இடம்பெற்றன. தொடக்கத் தேவை அவ்வளவு சிறியதே.

அடுத்து, பட்டியலில் மிகுந்த கவனத்தைக் கோருவது படுக்கை. தூளி, அதாவது புடவையை உத்தரத்தில் கட்டித் தொங்கவிடும் ஏணை, அழும் குழந்தையை அமர்த்துவதற்கு ஏற்றதாயினும், அதில் குழந்தை வளைந்து கிடப்பதால் முகவாய் மார்பில் படிந்து மூச்சுப்பாதை குறுகக்கூடும் என்பதால், பெரியவர் அருகிலிருக்கும் பொழுதுக்கு மட்டுமே அது உரியது. இரவுத் தூக்கத்திற்குச் சமதளமான தொட்டிலே தக்கது. தொட்டிலின் கம்பிகளுக்கிடையே 6 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருத்தலாகாது. மெத்தையை உள்ளங்கையால் அழுத்தி எடுத்தால் குழி நிற்காமல் உடனே நிமிர வேண்டும். மெத்தைக்கும் சட்டத்துக்கும் இடையே இரண்டு விரல்கள் நுழையுமானால் அந்த மெத்தை அத்தொட்டிலுக்குப் பொருந்தாது. அழகுக்காகச் சேர்த்து விற்கப்படும் தலையணையையும் பஞ்சு அணைகளையும் வாங்காமல் விடுவதே பாதுகாப்பு.

தாய்ப்பால் தடையின்றிக் கிடைக்கும்போது பால்புட்டி தேவைப்படுவதில்லை. பீய்ச்சிய பாலைக் கொடுக்க நேர்ந்தால், மூக்கு நீண்ட சிறு கிண்ணமாகிய பாலாடையே போதும். மூலை முடுக்கற்ற அதனைக் கழுவிக் கொதிநீரில் இடுவது எளிது.

கார் உள்ள குடும்பம், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளுக்கு முன்பே குழந்தைக்கான கார் இருக்கையை வாங்கிப் பொருத்திப் பார்த்துவிட வேண்டும். உடலை நோக்கத் தலை கனமாகவும் கழுத்து வலுவற்றும் இருக்கும் பருவமாதலால், மோதலின் விசை முதுகு முழுவதும் பரவும்படி, பின்னோக்கி அமரும் வகையே கைக்குழந்தைக்கு உரியது. காற்றுப்பை இயங்கும் முன்னிருக்கையில் அதனை வைத்தல் கூடவே கூடாது. பொருத்திய இருக்கையை, பெல்ட் செல்லும் இடத்தில் பிடித்து அசைத்தால் 2.5 செ.மீ.க்கு மேல் நகரக்கூடாது. குழந்தையின் தோளருகே வாரை விரல்களால் கிள்ளினால் மடிப்பு விழாத அளவுக்கு அது இறுகியிருக்க வேண்டும். உறவினர் தரும் பழைய உடைகளைத் தயங்காமல் ஏற்கலாம். விபத்துக்குள்ளானதா என்று தெரியாத பழைய கார் இருக்கையை ஏற்கலாகாது.

இருசக்கர வண்டியே உள்ள வீடுகளில் நிலை வேறு. 9 மாதம் முதல் 4 வயது வரையிலான குழந்தைக்கு ஓட்டுநருடன் பிணைக்கும் பாதுகாப்பு வாரும் தலைக்கவசமும், மணிக்கு 40 கி.மீ.க்கு மிகாத வேகமும் வேண்டுமென இந்திய அரசு 2022இல் விதி வகுத்தது. தலைக்கவசத்தின் எடையைக் கழுத்து தாங்காத அதற்கு முந்தைய பருவத்தில், அப்பயணத்தைத் தவிர்ப்பதே பொருத்தம்.

இறுதியாக, அறவே விலக்க வேண்டியது, குழந்தையை நடுவில் அமர்த்திச் சக்கரத்தில் உருளும் வாக்கர். நொடியில் படிக்கட்டையோ அடுப்பையோ எட்டிவிட வழிசெய்யும் அதனைக் கனடா 2004இல் தடைசெய்தது. நின்றுகொண்டு தள்ளும் மர நடைவண்டி இதனின் வேறானது. குழந்தை தானே பிடித்து எழத் தொடங்கிய பின், சக்கரம் சற்று இறுக்கமாகச் சுழல்கிறதா என்று தரையில் உருட்டிப் பார்த்து அதனை வாங்கலாம்.