அனாடமி அரியரும் ஐந்து மணி பஸ்ஸும்

எனக்குச் சொந்த ஊர் பொதட்டூர்பேட்டை. அப்பா விசைத்தறி ஓட்டுகிறார், அம்மா வீட்டில் தார் சுற்றிக் கொடுக்கிறார். பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். இப்போது திருவள்ளூர் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் செமஸ்டர் படிக்கிறேன். ஹாஸ்டலுக்குக் கட்ட வசதி இல்லை. காலை ஐந்து மணிக்கே பஸ் பிடித்துத் திருத்தணி போய், அங்கிருந்து ரயில். முதல் செமஸ்டரில் அனாடமி–பிசியாலஜி தாள் அரியர். வகுப்பில் எல்லாமே இங்கிலீஷ். எழுதிக்கொள்வதற்குள் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். போன வாரம் வார்டில் ஒரு பெரியவருக்கு டிரெஸ்ஸிங் மாற்றும்போது பக்கத்தில் நின்றிருந்த நான் மயங்கி விழுந்துவிட்டேன். ‘இதுக்கே மயங்குனா நீ எதுக்கு நர்சிங் வந்த?’ என்று இன்சார்ஜ் சிஸ்டர் எல்லார் முன்னாலும் கேட்டார். ‘பேசாம நிறுத்திட்டு பி.காம். சேத்து விடுங்க, ராத்திரி டூட்டியெல்லாம் நமக்கு ஒத்துவராது’ என்று சித்தப்பா சொல்கிறார். எனக்கும் நின்றுவிடலாம் என்றுதான் தோன்றுகிறது. பல ராத்திரி தூக்கமே இல்லை. நான் என்ன செய்யட்டும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பொதட்டூர்பேட்டை

அன்பு மகளே, நின்றுவிடாதே. முதலில் அந்த மயக்கத்தைப் பேசிவிடுவோம். அரியரைவிட அதுதான் உன்னை உலுக்கியிருக்கிறது என்று கடிதத்தைப் படிக்கும்போதே தெரிகிறது.

ஐந்து மணி பஸ்ஸுக்கு ஓடுகிறவள் காலையில் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க மாட்டாய். வெறும் வயிறு, புழுக்கமான வார்டு, அசையாமல் ஒரே இடத்தில் நிற்பது, அதற்கு மேல் புண்ணைப் பார்த்த அதிர்ச்சி. இத்தனையும் சேர்ந்தால் வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு இதயத் துடிப்பு குறையும். கால் பக்கத்து ரத்தக் குழாய்கள் விரிந்து ரத்தம் கீழேயே தங்கிவிடும். மூளைக்குப் போகிற ரத்தம் சில விநாடி குறைந்தால் போதும், ஆள் விழுந்துவிடுவார். இதற்கும் மன உறுதிக்கும் சம்பந்தம் இல்லை. மருத்துவ மாணவர்களும் ஆபரேஷன் தியேட்டரில் இப்படி விழுவது உண்டு. நாலைந்து முறை பார்த்த பிறகு பெரும்பாலோருக்கு இது தானாகவே அடங்கிவிடும்.

அதுவரை ரயிலிலாவது இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வார்டுக்குப் போ. நிற்கும்போது முட்டியை விறைத்துக்கொள்ளாதே. தொடைத் தசையையும் கெண்டைக்காலையும் இறுக்கி இறுக்கி விடு, தேங்கிய ரத்தம் மேலே ஏறும். காது அடைத்து, கண் இருட்டி, வியர்த்தால் கௌரவம் பார்க்காதே. டிரேயை விட்டு ஓரடி பின்னால் வந்து தரையிலேயே உட்கார்ந்துவிடு. ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்துகொள். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. உன் வயதுப் பெண்களிடம் இது சாதாரணமாக இருக்கிறது, மாத்திரையில் சரியாகும்.

இப்போது மேலே ‘வேகஸ் நரம்பு’ என்று தொடங்குகிற வரிகளை இன்னொரு முறை படி. அது நீ அரியர் வைத்திருக்கும் பிசியாலஜிதான். புத்தகத்தில் உனக்குப் பிடிபடாத பாடம் உன் உடம்பிலேயே நடந்திருக்கிறது, இனி அதை நீ மறக்கவே மாட்டாய். நான் உனக்குச் சொல்ல வந்ததும் இதுதான்: வகுப்பில் படிக்கும் பாடத்தை வார்டில் ஒரு நோயாளியின் உடம்பில் தேடிப் பார். தமிழ் மீடியத்திலிருந்து வந்து நன்றாகத் தேறிய மாணவிகளிடம் நான் கண்ட பொதுவான பழக்கம் இது.

எலும்புகளையே எடுத்துக்கொள். 206 எலும்புகளின் பெயரையும் உட்கார்ந்து உருப்போட்டால் இரண்டு நாளில் மறந்துபோகும். பக்கவாதம் வந்து மல்லாந்து படுத்திருக்கும் ஒருவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கும்போது அவர் முதுகுப் பக்கத்தை உற்றுப் பார். படுக்கைப் புண் கண்ட இடத்தில் வருவதில்லை. எலும்பு துருத்தி மெத்தையில் அழுந்துகிற இடத்தில்தான் வரும். பின்மண்டையில் ஆக்சிபிடல், தோள்பட்டையில் ஸ்கேபுலா, இடுப்புக்குக் கீழே சேக்ரம், குதிகாலில் கால்கேனியஸ். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தால் இடம் மாறும்: தொடையின் மேற்புறத்தில் ட்ரோகாண்டர், கணுக்காலில் மேலியோலஸ். சிவந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்த்து, அந்தப் பெயரை மனசுக்குள் சொல்லு. ஒரே ஒரு பேக் கேர் கொடுத்து முடிப்பதற்குள் அனாடமியில் ஒரு கேள்விக்குப் பதில் தயார், நர்சிங் ஃபவுண்டேஷனில் ஒரு கேள்விக்கும் பதில் தயார். பிட்டத்தில் ஊசி போடும்போது மேல்-வெளிப் பக்கத்துக் கால் பகுதியை விட்டு இறங்கக் கூடாது என்பார்களே, கீழே சயாட்டிக் நரம்பு ஓடுகிறது என்பதுதான் காரணம். அதை ஊசி பிடித்த கையோடு கற்றுக்கொண்டால் வைவாவில் திக்க மாட்டாய்.

இங்கிலீஷ் பற்றி. நோட்டில் முழு வாக்கியமாக எழுத முயலாதே. சொல்லை மட்டும் குறித்துக்கொண்டு, பொருளைத் தமிழில் பக்கத்தில் எழுது. ‘ஐட்டிஸ்’ என்று முடிந்தால் அழற்சி, ‘எக்டமி’ என்றால் வெட்டி எடுத்தது, ‘டேக்கி’ என்று தொடங்கினால் வேகம், ‘நெஃப்ரோ’ என்றால் சிறுநீரகம். இப்படி ஐம்பது துண்டுகள் கைவசம் வந்தால் ஐந்நூறு சொற்கள் தானாகப் பிரியும். ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் இதைச் செய். பெரிய பாடத்தை ரயிலில் படிக்க நினைக்காதே. தேர்வுத்தாளில் அலங்கார இங்கிலீஷ் யாரும் கேட்பதில்லை. படம் வரைந்து பாகம் குறித்து, சின்னச் சின்ன வரிகளாக எழுதினால் மதிப்பெண் உண்டு.

சலைன் சொட்டுக் கணக்குக்கு மொழி தடையே இல்லை. 500 மில்லி சலைன் நாலு மணி நேரத்தில் ஏற வேண்டும், ஐ.வி. செட் பாக்கெட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்று போட்டிருக்கிறது. 500-ஐ 20-ஆல் பெருக்கி 240 நிமிஷத்தால் வகுத்தால் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. மனக்கணக்காகவே இதைச் சொல்கிற மாணவியை எந்த இன்சார்ஜ் சிஸ்டரும் கவனிப்பார்.

உன்னிடம் இருக்கும் ஒன்றை நீ கடிதத்தில் குறிப்பிடவே இல்லை. பொதட்டூர்பேட்டையில் வளர்ந்தவள் என்றால் உனக்குத் தெலுங்கு காதில் ஏறியிருக்கும். ஆந்திராவின் நகரி, புத்தூர் பக்கத்திலிருந்து திருத்தணி, திருவள்ளூர், சென்னை, வேலூர் என்று எத்தனை பேர் வைத்தியத்துக்கு வருகிறார்கள்! ராத்திரி எங்கே வலித்தது, மாத்திரை சாப்பிட்டாரா, மலம் போனதா என்று அவர்களிடம் அவர்கள் மொழியிலேயே கேட்க ஆள் இல்லாமல் டாக்டர்கள் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். நோயாளி வாய் திறந்து சொல்வதில்தான் பாதி வைத்தியம் தொடங்குகிறது. இங்கிலீஷ் நாலு வருஷத்தில் வந்துவிடும். உன் தெலுங்கை நாலு வருஷத்தில் யாரும் உன் வகுப்புத் தோழிகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட முடியாது.

அரியரைப் பற்றிப் பதற்றம் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் கொண்டுவந்த செமஸ்டர் முறையில் அரியரோடு அடுத்த செமஸ்டர் வகுப்புக்குப் போகலாம். ஆனால் ஐந்தாம் செமஸ்டர் தேர்வில் உட்காருவதற்கு முன் பழைய தாள்கள் முடிந்திருக்க வேண்டும். ஆகவே வருகிற வாய்ப்பிலேயே எழுதிவிடு. பலர் கோட்டை விடுவது வருகைப் பதிவில். தேர்வெழுத 80 சதவீதம் போதும் என்று கிளினிக்கலுக்கும் மட்டம் போடுவார்கள். பட்டம் வாங்குவதற்கு முன் கிளினிக்கல் மணி நேரம் 100 சதவீதம் முடிந்தாக வேண்டும். தியரியில் ஒரு கிரெடிட்டுக்கு 20 மணி நேரம், கிளினிக்கலில் ஒரு கிரெடிட்டுக்கு 80 மணி நேரம். படிப்பின் எடை எந்தப் பக்கம் இருக்கிறது என்று நீயே பார்த்துக்கொள். ரயில் தாமதம் என்று வகுப்பு ஒன்று போனாலும் போகட்டும், வார்டை விடாதே.

அந்த சிஸ்டர் கேட்டது தப்பு. கீழே விழுந்த பிள்ளையைத் தூக்கி உட்கார வைத்து நாடி பார்ப்பதுதான் முதல் வேலை, பேச்சு அப்புறம். ஆனாலும் அவரிடமிருந்து ஒதுங்கிப் போகாதே. நாளைக்கே போய், ‘சிஸ்டர், அடுத்த டிரெஸ்ஸிங்குக்கு நான் டிரே ரெடி பண்ணட்டுமா?’ என்று கேள். கைக்கு வேலை இருந்தால் மயக்கமும் குறையும். பத்துக் கட்டிலுக்கு ஒற்றை ஆளாக ஓடுகிறவர்கள் சிடுசிடுப்பது எல்லா வார்டிலும் நடக்கிறது. வேலையில் கைகொடுக்கிற மாணவிக்கு அவர்களே முன்வந்து சொல்லிக்கொடுப்பதும் நடக்கிறது.

சித்தப்பாவிடம் அப்பாவைப் பேச வை, இதையெல்லாம் எடுத்துச் சொல்லட்டும். உங்கள் ஊருக்கு எட்டும் தூரத்தில்தான் வேலூர் இருக்கிறது. டாக்டர் ஐடா ஸ்கடர் அங்கே 1909-இல் நர்சிங் பள்ளியைத் தொடங்கினார். இந்தியாவில் நர்சிங் பட்டப்படிப்பு 1946-இல் முதலில் தொடங்கிய இடங்கள் இரண்டு: ஒன்று தில்லி, மற்றது அதே வேலூர். ராத்திரி டூட்டி உண்டு, அதை மறைக்க வேண்டாம். சித்தப்பாவின் தாயாரோ மனைவியோ நடு ராத்திரியில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் பக்கத்தில் இருக்கப் போவதும் யார் வீட்டுப் பெண்ணோ ஒருத்திதான்.

தூக்கம் வராததை ‘பரீட்சை பயம்’ என்று தள்ளிவிடாதே. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, உயிரே வேண்டாம் என்ற நினைப்பு ஒரு நொடி வந்தாலோ 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணுக்குப் பேசு. தமிழிலேயே பேசலாம், எந்த நேரத்திலும் பேசலாம், கட்டணம் இல்லை. 104-லும் ஆலோசனை கிடைக்கும்.

பணத்துக்கு இரண்டு வழி சொல்கிறேன். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உன் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். வரவில்லை என்றால் கல்லூரியில் அதற்கென்று பொறுப்பாக இருக்கும் ஆசிரியரைக் கேள். பட்டப்படிப்பு வரை படிக்கும் பெண்களுக்கு வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே இரண்டாம் வகுப்பு ரயில் சீசன் டிக்கெட் இலவசம். கல்லூரி முதல்வரிடம் சான்று வாங்கி ஸ்டேஷனில் கொடுக்க வேண்டும். இதில் மிச்சமாகும் தொகையை வேறு எதற்கும் தொடாமல் சேர்த்து வை. அரியர் எழுதும் மாதம் மட்டுமாவது ஹாஸ்டலில் தங்க இடம் தருவார்களா என்று வார்டனிடம் இப்போதே பேசி வைத்துக்கொள். அந்த ஒரு மாதம் உனக்கு ஐந்து மணி பஸ் இருக்கக் கூடாது.