வைக்கோல் கட்ட ஒரு பழைய டிராக்டர்

போன தை அறுவடையில் மூணு ஏக்கர் வைக்கோலை மழைக்குக் கொடுத்தேன். கதிர் அறுக்கும் வண்டி அறுத்துவிட்டுப் போய் மூணு நாள், வைக்கோல் நல்லாக் காய்ந்து கிடந்தது. கட்டு கட்டும் வண்டிக்காரரோ ‘இன்னைக்கு வர்றேன், நாளைக்கு வர்றேன்’ என்று இழுத்தார். நாலாம் நாள் ராத்திரி மழை. கறுத்துப்போன வைக்கோலை என் மாடுகள் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் விலைக்கு வாங்கித்தான் போட்டேன். மாட்டை விற்றுவிட்டால் அப்புறம் ஜீவாமிர்தத்துக்குச் சாணம் எங்கே போவது?

அதனால் நானும் என் பெரியப்பா மகனும் கூட்டாக ஒரு பழைய உருளைக்கட்டு பேலர் வாங்கினோம். எங்களிடம் இருந்த சின்ன டிராக்டர் அடர்த்தியான வைக்கோல் வந்தாலே திணறியது. பெரிய வண்டி ஒன்று, பழசாகத் தேட ஆரம்பித்தோம்.

முதலில் பார்த்தது புதுப் பெயிண்ட் அடித்த 45 ஹெச்.பி. வண்டி. “அண்ணே, இது எதையும் இழுக்கும்” என்றார் தரகர். முன்பணம் கொடுக்கக் கையெடுத்துவிட்டேன். கூட வந்த மெக்கானிக் பெரியவர், “இருப்பா, கிளட்ச்சைப் பார்ப்போம்” என்றார். அது சிங்கிள் கிளட்ச் வண்டி.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பேலருக்கு ஓட்டம் கொடுப்பது டிராக்டரின் பின்னால் சுற்றும் பி.டி.ஓ. தண்டு. சிங்கிள் கிளட்ச்சில் மிதியை அழுத்தினால் சக்கரமும் நிற்கும், பி.டி.ஓ.வும் நிற்கும். வைக்கோல் வரிசையில் ஒரு இடத்தில் குவியலாக இருக்கும். அங்கே வண்டியை நிறுத்தி, பேலரை மட்டும் சுற்றவிட்டு, வாயில் இருப்பதை விழுங்கவைக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து நின்றால் அடைத்துக்கொள்ளும். இறங்கிக் கையால் பிடுங்க வேண்டியதுதான். டபுள் கிளட்ச்சில் பாதி மிதித்தால் சக்கரம் மட்டும் நிற்கும், முழுசாக மிதித்தால்தான் பி.டி.ஓ. நிற்கும். வாங்குமுன் வயலில் ஓட்டி இந்தப் பாதி மிதியைச் சோதித்துவிடுங்கள்.

ஹெச்.பி. கணக்கிலும் ஒரு சங்கதி உண்டு. பானெட்டில் எழுதியிருப்பது எஞ்சினின் சக்தி. பி.டி.ஓ.வுக்கு வந்து சேர்வது சுமாராக அதில் 85 சதவீதம்தான். 45 என்றால் 38 என்று வையுங்கள். பேலர் கேட்கும் சக்தி எந்தக் கணக்கில் சொல்லப்பட்டது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும்போது பேலரை இழுத்துக்கொண்டு தளராமல் போக வேண்டும்.

டெல்டாவில் பழைய வண்டி வாங்குகிறவர்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டியது சேற்றுழவு. கேஜ்வீல் மாட்டி வருஷக்கணக்கில் சேற்றில் ஓடிய வண்டிக்கு அச்சு சீல் தேய்ந்து தண்ணீர் உள்ளே போயிருக்கும். காலையில், வண்டியை எடுக்கும் முன்பே, கியர் ஆயில் வடிக்கும் திருகைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். முதலில் தண்ணீர் வந்தாலோ, ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தாலோ விட்டுவிடலாம். அந்தப் பெயிண்ட் வண்டியில் டீதான் வந்தது.

குளிர்ந்த எஞ்சினை நம் கண்ணெதிரே ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். நீலப்புகை விடாமல் வந்தால் ஆயில் எரிகிறது. மணி மீட்டரை நம்பாதீர்கள், மிதிகளின் தேய்மானம் உண்மையைச் சொல்லும். பி.டி.ஓ. தண்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆர்.சி. புத்தகத்தில் இன்னொரு ஹெச்.பி. இருக்கும், அதுதான் கடன் அடமானம். வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் இல்லாமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்கு 29, 30 படிவங்கள்.

கடைசியில் நாங்கள் வாங்கியது செங்கல் லோடு அடித்த டபுள் கிளட்ச் வண்டி. பிரேக்கும் கிளட்ச் தகடும் மாற்ற வேண்டியிருந்தது. அதைச் சொல்லியே விலையைக் குறைத்தோம்.

ஒரு பயம் மட்டும் எனக்கு இருந்தது. பெரிய வண்டி இரண்டு டன் வரும். ஈர வயலில் அது ஏறினால், நாலைந்து வருஷம் மண்புழு உழுது வைத்த மண் இறுகிப் போகும். அதனால் சேற்றுழவுக்கு இன்னமும் சின்ன வண்டிதான். மிதித்தால் குதிகால் பதியாத அளவுக்கு வயல் காய்ந்த பிறகே பெரியது இறங்கும். பனி விலகி, வைக்கோலை முறுக்கினால் ஒடிகிற பதம் வருவதற்கு எப்படியும் காலை பத்து மணிக்கு மேல் ஆகிவிடும். ஈரத்தோடு கட்டினால் உள்ளே பூசணம் பிடிக்கும்.

எல்லா வைக்கோலையும் கட்டிவிடுவதும் இல்லை. ஒரு டன் வைக்கோலில் 12 கிலோவுக்குக் குறையாமல் சாம்பல் சத்து இருக்கிறது. மாட்டுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியை வயலிலேயே விடுகிறோம்.

வண்டியோடு பி.டி.ஓ. தண்டுக்கு மூடி வரவில்லை. முதல் வேலையாக அதைத்தான் வாங்கி மாட்டினோம். வேட்டி, துண்டோடு யாரும் பக்கத்தில் போகக்கூடாது. அடைத்துக்கொண்டால் எஞ்சினை நிறுத்திய பிறகுதான் இறங்க வேண்டும் என்று அண்ணன் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.