மின்துடிப்பும் தோட்டத்துப் பயிர்களும்

முன்னுரை

நெகிரி செம்பிலானில் பால்மரத்திலிருந்து செம்பனைக்கு மாறிய தோட்டப்புறங்களுள் லாபு வட்டாரமும் ஒன்று. அங்கு வளர்ந்து, இன்று உணவு அறிவியல் பயிலும் எனக்கு, துடிப்பு மின்புலம் பற்றிய விரிவுரையைக் கேட்டதும் ஒரு வினா எழுந்தது. இப்புதிய முறை நம் தோட்டத்துப் பயிர்களுக்குப் பயன்படுமா? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செயல்படும் விதம்

உணவுப் பொருளை இரு மின்வாய்களுக்கிடையே வைத்து, உயர் மின்னழுத்தத்தை மிகக் குறுகிய துடிப்புகளாகச் செலுத்துவர். ஒரு துடிப்பு சில மைக்ரோ விநாடிகளே நீடிக்கும். உயிரணுவைச் சூழ்ந்துள்ள மெல்லிய சவ்வின் குறுக்கே ஏறத்தாழ 1 வோல்ட்டு ஏற்பட்டால், அதில் நுண்துளைகள் விழும். அவற்றின் வழியே சாறு வெளியேறும். உணவோ அதிகம் சூடாவதில்லை.

சவ்வில் ஏற்படும் அழுத்தத்தை எளிதாகக் கணக்கிடலாம். மின்புலத்தின் வலிமையை உயிரணுவின் ஆரத்தால் பெருக்கி, மீண்டும் 1.5 ஆல் பெருக்க வேண்டும். தாவர உயிரணு ஒன்றின் ஆரம் 0.005 செ.மீ. எனக் கொள்வோம். செ.மீட்டருக்கு 1,000 வோல்ட்டு செலுத்தினால் 7.5 வோல்ட்டு கிடைக்கும். துளை விழ இது தாராளம். பாக்டீரியாவின் ஆரம் இதில் நூறில் ஒரு பங்கு என்றால், கிடைப்பது 0.075 வோல்ட்டுதான். ஆகவே கிருமிகளைக் கொல்ல 20,000 வோல்ட்டு அளவுக்கு உயர வேண்டும். காய்கறியை மென்மையாக்குவது எளிது. கிருமி நீக்குவது கடினம் என்பது இதனால் விளங்கும்.

மேலை நாட்டு உருளைக்கிழங்கு ஆலைகள் இதனை நடைமுறைக்குக் கொண்டு வந்துள்ளன. முன்பு கிழங்கை வெட்டுமுன் ஏறத்தாழ 60 பாகை செல்சியஸ் வெந்நீரில் ஊற வைத்தனர். இப்போது சில நொடிகளில் மின்துடிப்பு அவ்வேலையை முடிக்கிறது. கிழங்கு உடையாமல் சீராக வெட்டுப்படுகிறது.

செம்பனைக்கு ஏற்றதா?

செம்பனை ஆலையில் குலைகளை 130 பாகைக்கும் மேற்பட்ட நீராவியில் ஒரு மணி நேரத்திற்கு மேல் அவிக்கின்றனர். இது பழத்தை மென்மையாக்க மட்டுமன்று. குலையிலிருந்து பழங்கள் எளிதில் உதிரவும் வேண்டும். அதனினும் முக்கியமாக, எண்ணெயைச் சிதைத்து அமிலமாக்கும் நொதியை அழிக்க வேண்டும். மின்துடிப்பு சவ்வைத் துளைக்கும். ஆனால் வெப்பத்தைப்போல் நொதியை உறுதியாக அழிக்காது. நீராவியை நிறுத்தி மின்துடிப்பை மட்டும் நம்பினால், எண்ணெயின் தரம் கெடும்.

மரவள்ளியின் நிலை

ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் (1942-1945) தோட்ட மக்களின் பசியாற்றியது மரவள்ளி. இதில் லினமரின் என்னும் பொருள் உள்ளது. உயிரணு சிதையும்போது அதனை ஒரு நொதி பிரிக்க, நச்சுத்தன்மையுள்ள ஹைட்ரஜன் சயனைடு உண்டாகி ஆவியாக வெளியேறும். கிழங்கைத் துருவி, ஊற வைத்து, பிழிந்து உலர்த்தும் பழைய முறை இந்நச்சைத்தான் நீக்குகிறது. இங்கு நொதி நமக்கு நண்பன். சவ்வைத் திறந்து நொதியை விட்டுவைக்கும் மின்துடிப்பு, துருவுதலுக்குத் துணையாகலாம் என்று நான் கருதுகிறேன். ஆனால் நச்சு வெளியேறப் போதிய நேரம் தராமல் உடனே பொரித்தால், வெப்பம் நொதியை அழித்துவிடும். லினமரின் கிழங்கிலேயே தங்கிவிடக்கூடும். எனவே எஞ்சிய நச்சை ஆய்வகத்தில் அளந்த பின்னரே இதனைப் பரிந்துரைக்க வேண்டும்.

முடிவுரை

உயர் மின்னழுத்தக் கருவி விலை மிக்கது; ஆபத்தானதும் கூட. வீட்டில் மரவள்ளிச் சீவல் பொரித்து விற்கும் தாய்மாருக்கு அது உடனே எட்டாது. எனினும் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. ஒரே நொதிச் செயல் செம்பனையில் பகையாகவும் மரவள்ளியில் துணையாகவும் அமைகிறது. ஆகவே, பழைய படிநிலை ஒன்றை நீக்குமுன், அது எதற்காக வந்தது என்று ஆராய்வோம். தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் வந்த நமக்கு அக்கடமை உண்டு.