நாலு பந்தும் நானூற்றெண்பது கஜமும்

அன்புள்ள தம்பிக்கு,

அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்றில் ஆட்டக்காரர்களை மதிப்பிடும் உத்தியோகத்தில் நீ அமர்ந்த சில மாதங்களுக்குள்ளேயே, மாற்று குவார்ட்டர்பேக்காகக் காத்திருந்த இளைஞன் ஒருவன், மூத்தவருக்குக் காயம்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை களத்தில் இறங்கிப் பிரமாதமாக ஆடிவிட்டானென்றும், அவனுக்கு என்ன விலை கொடுக்கலாமென்று மேலிடத்தில் உன்னைக் கேட்கிறார்களென்றும் எழுதியிருந்தாய். இந்தச் சங்கடம் உன் தொழிலில் பலருக்கும் நேருவதாகையால் பதிலைப் பகிரங்கமாகவே எழுதுகிறேன்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதை இந்த விஷயத்தில் மட்டும் நம்பாதே. பானையிலுள்ள அரிசி முழுதும் ஒரே தீயில் வேகிறது. குவார்ட்டர்பேக் எறியும் ஒவ்வொரு பந்துக்கோ எதிரியின் வியூகமும், முன்னின்று காப்பவர்களின் பலமும், ஓடிப் பிடிப்பவனின் வேகமும் வேறு வேறு.

2012 ஜனவரி 1-ஆம் தேதி, முதலிடம் முன்பே உறுதியாகிவிட்டபடியால், கிரீன் பே பாக்கர்ஸ் அணியார் ஆரோன் ராட்ஜர்ஸுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, மாற்று ஆட்டக்காரர் மாட் ஃபிளினை டெட்ராய்ட்டுக்கு எதிராக நிறுத்தினார்கள். அவர் 480 கஜமும் 6 டச்டவுனும் எறிந்து 45-41 என்று ஜயித்துக் கொடுத்தார். அந்த அணியின் சரித்திரத்தில் அதுவரை எவரும் ஒரே ஆட்டத்தில் எட்டாத கணக்கு அது. மார்ச் மாதத்தில் சியாட்டில் அணி அவரை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டது. ஆனால், அதே பிற்பகலில் தோற்ற பக்கத்தில் நின்ற மாத்யூ ஸ்டாஃபர்ட் எறிந்தது 520 கஜம்! அன்று தடுப்பு என்பது இரு பக்கத்திலும் பெயருக்குத்தான் இருந்தது. மேலும், ஃபிளின் குட்டையாக எறிந்த பந்து ஒன்றை வாங்கிக்கொண்டு ரயன் கிராண்ட் தம் கால்களால் சம்பாதித்த 80 கஜத்தையும், கணக்கெழுதுகிறவர் எறிந்தவர் பேரிலேயே வரவு வைத்துவிடுகிறார்.

இதற்கு நேர்மாறான திருஷ்டாந்தமும் கிரீன் பேயில்தான் கிடைக்கிறது. பிரெட் ஃபாவ்ர் 1991-இல் அட்லாண்டாவுக்காக எறிந்தவை நாலே நாலு பந்துகள். தம்மவர் பிடித்தது ஒன்றுமில்லை, எதிரி கையில் அகப்பட்டவை இரண்டு. அந்த லட்சணத்தில் இருந்தவரைத்தான் கிரீன் பே நிர்வாகி ரான் உல்ஃப் 1992-இல், கல்லூரி ஆட்டக்காரர்களை எடுப்பதற்கான முதல் சுற்றுத் தேர்வுரிமை ஒன்றைக் கொடுத்து வாங்கினார். நியூயார்க் ஜெட்ஸில் உத்தியோகம் பார்த்த காலத்தில், ஃபாவ்ர் கல்லூரி மாணவராக இருந்தபோதே, அவரைக் கணித்து வைத்திருந்த மனிதருக்கு அந்த நாலு பந்துகள் ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. 1995 முதல் தொடர்ந்து மூன்று வருஷம், கடைசித் தடவை மட்டும் பாரி சாண்டர்ஸுடன் பங்கிட்டுக்கொண்டு, லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருதை ஃபாவ்ர் பெற்றார்.

ஆகையால் அந்த ஞாயிற்றுக்கிழமைப் படத்தைப் போட்டுப் பார்க்கையில் பந்து போகிற திசையை விட்டுவிட்டு அவன் பாதங்களைப் பார். முதலில் குறிவைத்த ஆளை எதிரி மறித்துவிட்டான் என்று தெரிந்த க்ஷணத்தில், அவை அடுத்த ஆளை நோக்கித் தாமாகத் திரும்புகின்றனவா, பதறிப்போய் ஓட இடம் தேடுகின்றனவா? மூன்றாவது டவுனில், அதாவது மூன்றாம் முயற்சியில், எட்டுக் கஜம் தேவைப்பட்டபோது பயிற்சியாளர் அவனை நம்பி எறியச் சொன்னாரா, ஓட்டக்காரனிடம் கொடுத்துவிடச் சொன்னாரா? தினமும் அவனைப் பயிற்சியில் பார்க்கிறவரின் அந்தரங்க அபிப்பிராயம் அங்கேதான் வெளிப்படும். தவிர, அவன் ஆட்டத்தை எதிரிகள் இன்னும் ஆராயவில்லை. நாலைந்து வாரப் படங்கள் கையில் சேர்ந்ததும் அவனுக்குப் பிரியமான எறிகளை ஒவ்வொன்றாக அடைப்பார்கள்.

சியாட்டில்காரர்களை ஏமாளிகள் என்று எண்ணிவிடாதே. ஃபிளினை எடுத்த அடுத்த மாதமே கல்லூரி ஆட்டக்காரர் தேர்வின் மூன்றாம் சுற்றில், 75-ஆவதாக, ரஸ்ஸல் வில்சனையும் எடுத்து, இருவரையும் போட்டிக்கு விட்டு, ஒப்பந்தத் தொகையைப் பாராமல் வில்சனுக்கே ஸ்தானத்தைக் கொடுத்தார்கள். நீயும் உன் அறிக்கையில் ‘தெரியவில்லை’ என்று எழுதக் கூசாதே. தெரியாத ஒருவனுக்கு எவ்வளவு வரை கொடுக்கலாம், கூட யாரை எடுத்து வைக்கலாம் என்பதையும் அதன் கீழே எழுது. அதற்கு முன் அவனுடைய கல்லூரிப் படங்கள் முழுவதையும் தருவித்துப் பார்த்துவிடு. கேட்கிறவர்கள் இரண்டு நாள் காத்திருப்பார்கள்.

அன்புடன்,
உன் அண்ணன்