மண்ணும் மட்டையும் சொல்லும் செய்தி

சிறுதோட்டக்காரர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவருக்கு 2 ஹெக்டர் நிலத்தில் ஏறத்தாழ 280 செம்பனை மரங்கள் இருக்கின்றன. ஒருநாள் காலையில் தோட்டத்தைச் சுற்றி வருகிறார். சில மரங்களின் கீழ்மட்டைகள் செம்மஞ்சள் நிறமாக மாறியிருக்கின்றன. மரத்திற்குச் சத்துப் போதவில்லை என்று எண்ணுகிறார். கையிலிருந்த சேமிப்பைக் கொண்டு பொட்டாசிய உரத்தை மூட்டை மூட்டையாக வாங்கி இடுகிறார். மாதங்கள் கடக்கின்றன. மட்டைகள் பச்சைக்குத் திரும்பவில்லை; செம்மஞ்சள் நிறம் மேலும் பரவுகிறது. அவருடைய உழைப்பில் குறையில்லை. அப்படியானால் தவறு எங்கே நேர்ந்தது?

அம்மரங்களுக்குக் குறைவாக இருந்தது பொட்டாசியம் அன்று, மக்னீசியம். இவ்விரு சத்துகளும் வேரின் வழியாக மரத்திற்குள் செல்லும்போது ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. மண்ணில் பொட்டாசியம் மிகுந்தால், வேர் மக்னீசியத்தை எடுத்துக்கொள்வது குறைந்துவிடும். ஆகவே, அவர் நல்லெண்ணத்தோடு இட்ட உரமே மரத்தின் குறையை வளர்த்துவிட்டது. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்னும் பழமொழி பயிருக்கும் பொருந்தும்.

கண்ணால் பார்த்தே குறையைக் கண்டறிய முடியாதா? ஓரளவு முடியும். மக்னீசியம் குறைந்த மரத்தில் வெயில் படும் சிற்றிலைகள் செம்மஞ்சளாகும். நிழலில் மறைந்தவை பச்சையாகவே இருக்கும். பொட்டாசியம் குறைந்தால் பெரும்பாலும் சிறுசிறு புள்ளிகள் தோன்றிப் பின் பரவும். ஆயினும், இவ்வடையாளங்கள் ஒன்றைப்போல் மற்றொன்று தோன்றி நம்மைக் குழப்பக்கூடும். மேலும், இலையில் அடையாளம் தெரிவதற்கு முன்பே மரம் நெடுநாள் பசியால் வாடியிருக்கும்.

பயிர் நன்கு வளர எல்லாச் சத்துகளும் தேவையான அளவில் கிடைக்க வேண்டும். எந்தச் சத்து மிகக் குறைவாக உள்ளதோ, அதுவே விளைச்சலின் எல்லையை முடிவு செய்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இக்கருத்தைப் பரவச் செய்தவர் ஜெர்மானிய வேதியியலாளர் யூஸ்டஸ் ஃபான் லீபிக். இதை விளக்க ஒரு மரப்பீப்பாயை எடுத்துக்காட்டாகக் கூறுவர். பீப்பாயின் பலகைகளுள் ஒன்று மட்டும் குட்டையாக இருந்தால், நீர் அந்தப் பலகையின் உயரம்வரைதான் நிற்கும். மற்றப் பலகைகளை எவ்வளவு உயர்த்தினாலும் பயனில்லை. எந்தப் பலகை குட்டையானது என்பதைக் கண்டறியத்தான் மண் பரிசோதனையும் இலைப் பரிசோதனையும் உதவுகின்றன.

மண் பரிசோதனைக்கு ஒரே இடத்தில் மண்ணைத் தோண்டி எடுத்தால் போதாது. தோட்டத்தின் பல இடங்களிலிருந்து ஒரே ஆழத்தில் சிறிது சிறிதாக மண்ணை எடுத்து, நன்கு கலந்து, அதில் ஒரு பகுதியை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்ப வேண்டும். அண்மையில் உரமிட்ட இடத்தையும் குப்பை குவிந்த இடத்தையும் தவிர்க்க வேண்டும். ஆய்வின்வழி மண்ணில் உள்ள சத்துகளின் அளவையும் மண்ணின் அமிலத்தன்மையையும் அறியலாம். மலேசியாவில் மழை மிகுதி. மழைநீர் சத்துகளைக் கரைத்துச் செல்வதால் இங்குள்ள மண் பெரும்பாலும் அமிலத்தன்மை உடையதாக இருக்கிறது. இத்தகைய மண்ணில் உள்ள இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தாகிய பாஸ்பரஸைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. பெட்டியில் பணம் இருந்தும் சாவி இல்லாதவரின் நிலைதான் அப்போது மரத்தின் நிலையும்.

இதனால், மண்ணில் என்ன இருக்கிறது என்பதோடு, மரம் எதை எடுத்துக்கொண்டது என்பதையும் அறிய வேண்டும். அதைச் சொல்வது இலை. முதிர்ந்த செம்பனையில் இதற்காக 17ஆவது மட்டையைத் தேர்ந்தெடுக்கின்றனர். குருத்திற்கு அடுத்து, முழுமையாக விரிந்த இளம் மட்டையே முதலாவது மட்டை. மட்டைகள் மரத்தைச் சுற்றிச் சுருளாக அமைந்திருப்பதால், முதலாவது மட்டைக்குக் கீழே சற்றே பக்கவாட்டில் 9ஆவது மட்டையும், அதற்குக் கீழே 17ஆவது மட்டையும் இருக்கும். அது மிக இளையதும் அன்று; மிக முதியதும் அன்று. அதன் நடுப்பகுதியில் இருபுறமும் சில சிற்றிலைகளை வெட்டி, அவற்றின் நடுத்துண்டை மட்டும் எடுத்து, ஈர்க்கை நீக்கி, உலர்த்தி, தூளாக்கி ஆய்வு செய்கின்றனர். ஒரு மரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. குறிப்பிட்ட இடைவெளியில் பல மரங்களிலிருந்து மாதிரிகளை எடுக்கின்றனர். ஆண்டுதோறும் ஒரே பருவத்தில் எடுத்தால்தான் முடிவுகளை ஒப்பிட முடியும்.

இவ்விரண்டு பரிசோதனைகளையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் உண்மை புலப்படும். உலர்ந்த இலையில் மக்னீசியம் 0.2 விழுக்காட்டிற்கும் குறைவாக இருந்தால், மரத்திற்கு அச்சத்துப் போதவில்லை எனலாம். ஆனால், ஏன் போதவில்லை? மண்ணிலேயே மக்னீசியம் இல்லையா, அல்லது மிகுதியான பொட்டாசியம் அதைத் தடுக்கிறதா? இதற்கு மண்தான் விடை சொல்லும். அதேபோல, இலையில் தழைச்சத்தாகிய நைட்ரஜன் குறைந்திருந்தால் உடனே உரம் வாங்க ஓடக்கூடாது. நிலத்தில் நீர் தேங்கி வேர்கள் மூச்சுத் திணறினாலும் தழைச்சத்துக் குறையும். அங்கே தேவைப்படுவது உர மூட்டை அன்று. நீர் வடிய ஒரு வாய்க்கால்.

ஊகித்து உரமிடுவதால் ஏற்படும் இழப்பு ஒருவருடைய பணத்தோடு முடிந்துவிடுவதில்லை. மரம் எடுத்துக்கொள்ளாத உரம் மழைநீரோடு ஓடையிலும் ஆற்றிலும் கலக்கிறது. அங்கே பாசி பெருகுகிறது. பாசி மடிந்து அழுகும்போது நீரில் உயிர்வளி குறைந்து மீன்கள் இறக்கின்றன. மேலும், செம்பனையில் பூ உருவாகத் தொடங்கிப் பழக்குலையாக முதிர 2 ஆண்டுகளுக்கு மேலாகலாம். இன்று செய்த தவற்றின் விளைவு பின்னாளில்தான் அறுவடையில் தெரியும். அப்போது வருந்திப் பயனில்லை.

நாம் தொடக்கத்தில் கண்ட தோட்டக்காரரும் இறுதியில் மண்ணையும் இலையையும் ஆய்வுக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். முடிவைப் பார்த்ததும் பொட்டாசிய உரத்தைக் குறைத்து, மக்னீசியம் உள்ள கீசரைட் உரத்தை அளவாக இடுவார். பழுத்துப்போன பழைய மட்டைகள் மீண்டும் பச்சையாவது அரிது. எனினும், புதிதாக வரும் மட்டைகள் நலமாக விரியும். அடுத்த ஆண்டும் பரிசோதித்து, தாம் செய்தது சரிதானா என்று அவர் பார்த்துக்கொள்வார்.

உழுவதைக் காட்டிலும் எருவிடுவது சிறந்தது என்று உழவைப் பற்றிக் கூறும்போது வள்ளுவர் உரைக்கிறார். மருந்தைப் பற்றிப் பேசும்போதோ, நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்து, அதைத் தணிக்கும் வழியறிந்து செயல்பட வேண்டும் என்கிறார். இவ்விரு அறிவுரைகளும் ஒன்றுசேரும் இடமே மண், இலைப் பரிசோதனை. மரம் வாய் திறந்து பேசாது. ஆனால், அதன் தேவையைக் கேட்டறிய வழி இருக்கிறது. கேட்டபின் கொடுப்பவரே நல்ல உழவர்.