மாநாட்டு இணையத்தளமும் அனைவர்க்கும் உரிய வாயிலும்

தொழினுட்ப மாநாடொன்றின் முதல் வாயில் அதன் இணையத்தளமே. நிகழ்ச்சி நிரலும் பதிவுப் படிவமும் அங்கேயே கிடைக்கின்றன. அத்தளத்தை வாசிக்க இயலாத ஒருவர் மாநாட்டுக்கு அழைக்கப்படாதவரே ஆகின்றார்.

விழிப்புலனற்றோர் கணினியை எங்ஙனம் வாசிக்கின்றனர்? திரைவாசிப்பான் என்னும் மென்பொருள் பக்கத்திலுள்ள எழுத்தைக் குரலாக்கிச் செவிக்கு அளிக்கின்றது. அவற்றுள் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ என்பதனை 2006ஆம் ஆண்டில் ஆக்கத் தொடங்கிய மைக்கல் கரன் என்னும் அவுஸ்திரேலியர் தாமும் விழிப்புலனற்றவரே. இம்மென்பொருள், படத்தினுள் வரைந்த எழுத்தைத் தானாக வாசிக்காது. நம்மவரோ நிகழ்ச்சி நிரலை அழகிய சுவரொட்டியாக்கி, அப்படத்தையே தளத்தில் ஒட்டிவிடுகின்றனர்! அதனை எழுத்தாலாகிய அட்டவணையாக்கி, நேரத்துக்கும் மண்டபத்துக்கும் உரிய தலைப்புக்களை முறைப்படி குறித்தால், எவ்வுரை எம்மண்டபத்தில் என்பது கேட்போர்க்குத் தெளிவாகும்.

தமிழாசிரியனுக்கு இதில் என்ன அலுவல் என்று வினவுவார் உளர். விடை எழுத்துருவில் உளது. ஈழத்தில் நெடுங்காலம் பயின்றுவரும் பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என நாம் காண்பது கணினிக்கு அம்மா அன்று. எம், கே, ஓர் அரைப்புள்ளி, மீண்டும் கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகளின் கோவையே அது. திரைவாசிப்பான் அதனைப் பொருளற்ற ஒலியாகவே உச்சரிக்கும். நன்னூல் கற்ற செவிக்கு அதனினும் கொடுமை வேறில்லை. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடமுண்டு. ஆதலின் பழைய எழுத்துருவில் உள்ளவற்றை ஒருங்குறிக்கு மாற்றிய பின்னரே ஏற்றுதல் வேண்டும். பக்கத்தின் மொழி தமிழ் என்பதனை அதன் மூலக்குறிப்பில் அறிவித்தலும், இடையே வரும் ஆங்கிலப் பகுதிக்குத் தனிக்குறி இடுதலும் வேண்டும். இன்றேல் ஆங்கிலக் குரல் தமிழை வாசிக்கப் புகுந்து இடர்ப்படும்.

நிறத்திலும் கருத்து வேண்டும். வெண்பின்னணியில் மென்சாம்பல் எழுத்து முதியோர் கண்ணுக்கு ஒளிந்துவிடும். உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2008இல் வெளியிட்ட நெறிமுறை, சாதாரண அளவுள்ள எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்னும் ஒளி வேறுபாட்டை வேண்டுகின்றது. இடமுள்ள அமர்வைப் பச்சையாலும் நிரம்பியதைச் சிவப்பாலும் மட்டும் காட்டுவதும் தவறு. அவ்விரண்டையும் பிரித்தறியாத கண்கள் உள. ‘நிரம்பியது’ என்று எழுதிவிடலாம். உரைகளின் காணொளிக்கு எழுத்துரை சேர்த்தல், செவிப்புலன் குறைந்தோர்க்கு உதவும்.

மாணவர் செய்துபார்க்கத்தக்க சோதனை ஒன்று கூறுவேன். சுட்டியை அப்பால் வைத்து, விசைப்பலகை கொண்டே பதிவுப் படிவத்தை நிரப்பி முடிக்க. பின்னர்த் திரையை அணைத்துச் செவியால் மட்டும் அதனை மீளச் செய்க. எந்தக் கட்டத்தில் பெயர், எதில் முகவரி என்று திகைப்பீராயின், அக்கட்டத்துக்குப் பெயர்க்குறி இடப்படவில்லை என்க. தளத்தை வெளியிடுமுன் விழிப்புலனற்ற ஒருவரை அழைத்து, உரிய ஊதியம் அளித்து, அவரைக்கொண்டும் சோதிப்பித்தல் வேண்டும். சக்கர நாற்காலி செல்லும் வழியும், உதவி கேட்டற்குரிய தொலைபேசி இலக்கமும் முதற்பக்கத்திலேயே இருக்கட்டும்.