ஓணானும் ஓர் ஆசான்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

ஒரு முறை தட்டம்மை கண்ட குழந்தைக்கு மறுமுறை அது வருவதில்லை என்பதை நம் பாட்டிமார் நன்கு அறிவர். ஏன் வருவதில்லை என்று கேட்டவர்கள் சிலரே. அக்கேள்விக்கு விடை தேடும் துறையே நோய்த்தடுப்பியல் ஆகும். இத்துறையை வளர்த்தவர்கள் என்று நம் பாடநூல்கள் கூறும் பெயர்கள் யாவும் மேலைநாட்டுப் பெயர்களாகவே இருக்கின்றன. ஆனால் நம் தமிழ்நாட்டில், மதுரை மாநகரில், வேலியோரத்து ஓணானை வைத்துக்கொண்டு இத்துறையில் உலகம் படிக்கும் ஆய்வுகளைச் செய்தவர் ஒருவர் உண்டு. அவர் பேராசிரியர் வி. ஆர். முத்துக்கருப்பன். அவர்தம் ஆய்வுப் பணியை அறிமுகம் செய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதனை விளங்கிக்கொள்ள, நம் உடலைக் காக்கும் இரு படைகளைப் பற்றி முதலில் சிறிது காண்போம்.

இரு படைகள்

நம் இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்களில் ஒரு வகை நிணநீர்ச் செல்கள். நுண்ணோக்கியில் இவையனைத்தும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் இவற்றுள் டி செல், பி செல் என இரு பெரும் பிரிவுகள் உள்ளன. இவ்வுண்மை வெளிப்பட்ட வரலாறு சுவையானது.

1950களில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் புரூஸ் கிளிக் என்ற ஆராய்ச்சி மாணவர், கோழியின் குதப் பகுதிக்கு அருகிலுள்ள 'பர்சா' என்னும் சிறு பையை அறுத்து நீக்கி, அதன் பயன் யாது என்று ஆராய்ந்து வந்தார். அவருடைய நண்பரான திமொத்தி சாங் என்பவருக்கு வகுப்பில் ஒரு செய்முறை காட்டக் கோழிகள் தேவைப்பட்டன. கிளிக் வளர்த்த கோழிகளையே வாங்கிச் சென்றார். கிருமிப் பொருளை ஊசியால் செலுத்தினால் கோழியின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் தோன்ற வேண்டும். பர்சா நீக்கிய கோழிகளில் அது தோன்றவில்லை! வகுப்பறைச் செய்முறையில் கிடைத்த இந்தச் செய்தி 1956-இல் கோழி வளர்ப்பு பற்றிய ஓர் இதழில் வெளியாயிற்று. நோய்த்தடுப்பியல் அறிஞர் பலர் அதைப் பல ஆண்டுகள் கவனிக்கவே இல்லை.

1961-இல் ஜாக் மில்லர் இலண்டனில், பிறந்த சில மணி நேரத்திலேயே சுண்டெலிக் குட்டிகளின் தைமஸ் சுரப்பியை நீக்கினார். மார்பெலும்புக்குப் பின்னே கிடக்கும் இச்சுரப்பியால் பயனேதும் இல்லை என்றே அதுவரை பலரும் எண்ணியிருந்தனர். தைமஸை இழந்த எலிகளோ நோய்க்கு எளிதில் இரையாயின. வேற்று எலியின் தோலை ஒட்டியபோது அதைத் தள்ளாமல் ஏற்றுக்கொண்டன. இவ்வாறு தைமஸில் முதிர்பவை டி செல்கள் என்றும், பர்சாவில் முதிர்பவை பி செல்கள் என்றும் பின்னர்ப் பெயர் பெற்றன. பர்சா இல்லாத நம்மைப் போன்ற பாலூட்டிகளில் பி செல்கள் எலும்பு மஜ்ஜையில் தோன்றி வளர்கின்றன. எதிர்ப்பொருளைச் சுரப்பது பி செல்லின் வழித்தோன்றல். கிருமி புகுந்த செல்லை அழிப்பதும், பிற செல்களுக்குத் துணை நின்று ஏவுவதும் டி செல்லின் தொழில்.

கோர்வை போட இருவர் வேண்டும்

இவ்விரு படைகளும் தனித்தனியே போரிடுகின்றனவா? 1966-இல் ஹென்றி கிளாமனும் அவருடன் பணியாற்றியவர்களும் இதற்கு விடை கண்டனர். கதிர்வீச்சினால் தடுப்பாற்றல் இழந்த எலிகளுக்குத் தைமஸ் செல்களை மட்டும் கொடுத்தனர். எதிர்ப்பொருள் மிகக் குறைவாகவே தோன்றியது. மஜ்ஜைச் செல்களை மட்டும் கொடுத்தனர், அப்போதும் அப்படியே. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது எதிர்ப்பொருள் பெருகியது.

காஞ்சியில் வாழும் நமக்கு இதை விளக்க வேறு உவமை வேண்டுவதில்லை. கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். உடலுக்கு ஒரு நாடா, கரைக்குத் தனி நாடா. தறியில் அமர்ந்தவர் ஒருவர், கரையோரம் நின்று நாடா தருபவர் மற்றொருவர். இரண்டு ஊடைகளும் கூடுமிடத்தில் ஒன்றையொன்று கவ்விக்கொள்ள வேண்டும். கவ்வாவிட்டால் கரை வேறாகவும் உடல் வேறாகவும் பிரிந்து நிற்கும்.

பி செல் தனக்குப் பொருந்திய அயற்பொருளைப் பற்றிக்கொள்கிறது. அது முதற் குறிப்பு. அத்துடன் அது முழுமையாக விழித்துவிடுவதில்லை. பற்றிய பொருளை உள்ளிழுத்துத் துண்டாக்கி, ஒரு துண்டைத் தன் மேற்பரப்பில் ஏந்திக் காட்டுகிறது. அத்துண்டை இனங்காணும் டி செல் அருகில் வந்து கைகொடுக்கிறது. அஃது இரண்டாம் குறிப்பு. அதன் பின்னரே பி செல் பெருகி எதிர்ப்பொருளைச் சுரக்கிறது. டி செல்லும் இவ்வாறே இரு குறிப்புகள் பெற்றே முதலில் விழிக்கிறது. இரு குறிப்புகள் வேண்டும் என்னும் கருத்தை 1970-இல் பிரெட்சர், கோன் என்னும் இருவர் தெளிவாக எடுத்துரைத்தனர்.

இத்தனை கட்டுப்பாடு எதற்கு என்று கேட்கலாம். கூட்டுறவுச் சங்கத்தின் காசோலையில் இருவர் கையெழுத்து இருந்தால்தான் பணம் கிடைக்கும். ஒருவர் தவறினாலும் மற்றவர் தடுப்பார் என்பதே அதன் கருத்து. உடலிலும் அப்படியே. ஒரு குறிப்பை மட்டும் கொண்டு செல்கள் விழித்தெழுந்தால், நம் சொந்தத் திசுவையே பகையென்று தாக்கும் ஆபத்து மிகும்.

மதுரையில் ஓர் ஆய்வு

பறவைக்கும் பாலூட்டிக்கும் இவ்விரு படைகள் உண்டு என்பது 1960களில் தெளிவாயிற்று. ஆனால் பரிணாம ஏணியில் இவ்விரண்டுக்கும் மூத்த மரபினவான ஊர்வனவற்றில் நிலை என்ன? அவற்றுக்குத் தைமஸ் உண்டு, பர்சா இல்லை. இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர்களுள் ஒருவர் முத்துக்கருப்பன்.

அவர் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஆவர்பாக் என்னும் அறிஞரிடம் பயின்றவர். மதுரைப் பல்கலைக்கழகத்தில் (1978 முதல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம்) நோய்த்தடுப்பியல் ஆய்வுக்கு அடித்தளமிட்டவர். விலையுயர்ந்த வெளிநாட்டு விலங்குகளைத் தேடாமல், நம் ஊர் வேலிகளில் தலையாட்டி நிற்கும் ஓணானையே அவர் தேர்ந்தார். வேலியில் போகும் ஓணானை மடியில் விட்டுக்கொள்ளாதே என்பது பழமொழி. அவர் விட்டுக்கொண்டதால் அறிவியலுக்கு நன்மையே விளைந்தது!

1969-இல் மாணிக்கவேலும் அவரும், ஓர் ஓணானின் தோலை வேறோர் ஓணானுக்கு ஒட்டினால் அது தள்ளப்படுவதைப் பற்றி ஆய்வுரை வெளியிட்டனர். 1972-இல் கனகாம்பிகாவும் அவரும், செம்மறியாட்டின் சிவப்பணுக்களை ஓணானுக்குச் செலுத்தி அதன் எதிர்விளைவை ஆராய்ந்து, அமெரிக்க நோய்த்தடுப்பியல் இதழில் எழுதினர். ஆட்டின் சிவப்பணு ஓணானுக்கு நோய் தராது. ஆயினும் அது அயற்பொருள். அதற்கெனப் பொருந்திய நிணநீர்ச் செல்லைச் சுற்றிச் சிவப்பணுக்கள் ஒட்டிக்கொண்டு, நுண்ணோக்கியில் ரோசாப்பூப் போலக் காட்சி தரும். அப்பூக்களை எண்ணினால் எத்தனை செல்கள் எதிர்த்தெழுந்தன என்று கணக்கிடலாம். பெரிய கருவி வேண்டாம். கூர்ந்த கண்ணும் பொறுமையும் போதும்.

பின்னர் ஆர். எம். பிச்சப்பனும் அவரும் தைமஸின் பங்கை ஆராய்ந்தனர். ஓணானின் மண்ணீரலில் தைமஸைச் சார்ந்து நிற்கும் பகுதிகள் தனியே உள்ளன என்று 1977-இல் காட்டினர். செம்மறிச் சிவப்பணுவுக்கு எதிரான ஆற்றலும் தைமஸைச் சார்ந்தே இயங்குவதைக் கண்டனர். 1984-இல் பிச்சப்பன் குழுவினர் மண்ணீரல் செல்களை ஒட்டும் செல், ஒட்டாச் செல் எனப் பிரித்து, ஓணானின் டி செல்களைப் பற்றி மேலும் ஆராய்ந்தனர். தாடையுள்ள முதுகெலும்பிகள் அனைத்திலும், சுறாமீன் முதல் மனிதன் வரை, இந்த இரு படை அமைப்பு உண்டு என்று இன்று அறிகிறோம். அஃதாவது, இந்தக் கோர்வை 40 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக இழை அறுபடாமல் நெய்யப்பட்டு வருகிறது. அதை மெய்ப்பித்த சான்றுகளில் மதுரை ஓணானுக்கும் ஓர் இடம் உண்டு.

ஒரே கேள்வி

முத்துக்கருப்பன் அவர்களின் பணியை வரிசையாக நோக்கும்போது எனக்கு ஒன்று புலப்படுகிறது. 1965-இல் அவர் எழுதியது எலிக் கருவில் கண்ணின் வில்லை தோன்றுவதைப் பற்றி. அங்கே ஒரு திசு மற்றொரு திசுவை வில்லையாக மாறுமாறு தூண்டுகிறது. அடுத்து, ஓணானின் தடுப்பாற்றல். 1979-இல் ஆவர்பாக்குடன் சேர்ந்து 'சயின்ஸ்' இதழில் எழுதியது, எலியின் விழிவெண்படலத்தில் புற்றுநோய்த் திசுவை வைத்தால் அதை நோக்கி இரத்தக் குழாய்கள் வளர்வதைப் பற்றி. விழிவெண்படலத்தில் இயல்பாக இரத்தக் குழாய் இல்லையாதலால், புதிதாய் முளைப்பது தெளிவாகத் தெரியும். 1990களில் டைபாய்டு கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருளைக் கொண்டு அந்நோயைக் கண்டறியும் முறை. பிற்காலத்தில் மதுரை அரவிந்த் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் விழியின் மூலச்செல்கள். தலைப்புகள் பல, ஆயினும் பெரும்பாலும் கேள்வி ஒன்றே: ஒரு செல் மற்றொரு செல்லுக்கு எவ்வாறு செய்தி சொல்கிறது? துறை மாறினாலும் கேள்வியைக் கைவிடாமை ஆராய்ச்சியாளனுக்கு அழகு என்பதை இதிலிருந்து கற்கிறோம்.

நமக்கு இதனால் என்ன?

இக்கட்டுரைக்குக் குறிப்பெடுத்தபோது, தார் சுற்றிக்கொண்டிருந்த என் தாய் கேட்டார்: "ஏன்டா, அவ்ளோ படிச்சவரு ஓணானை வெச்சிக்கினு இத்தினி வருசம் பார்த்தாரா? அதனால நமக்கு இன்னா?" எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். படிப்புக்குப் பயன் கேட்கும் உரிமை என் தாய்க்கு உண்டு. ஆகவே விடை சொல்லக் கடமைப்பட்டவனானேன்.

என் தாத்தா குழித்தறியில் வாழ்நாளைக் கழித்துக் காசநோயால் மறைந்தவர். காசநோய்க் கிருமி நம் செல்லுக்கு உள்ளேயே ஒளிந்து வாழ்வது. எதிர்ப்பொருள் அங்கே எளிதில் எட்டாது. டி செல்லே முதன்மையாகத் துணை செய்ய வேண்டும். காஞ்சிபுரம் அடங்கியிருந்த அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர்ப் பகுதியில், 1968-இல் பி.சி.ஜி. தடுப்பூசியின் பயனை அளக்கும் பெரும் ஆய்வு தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் பங்குபெற்றனர். 15 ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்தனர். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அவ்வூசி தடுக்கவில்லை என்பதே முடிவு. குழந்தைகளைக் கடுமையான காசநோயிலிருந்து அது காப்பதால் இன்றும் பிறந்தவுடன் போடப்படுகிறது. ஆனால் பெரியவர்களை ஏன் காக்கவில்லை? மண்ணிலும் நீரிலும் வாழும் உறவுக் கிருமிகளோடு நம் உடல் முன்பே பழகிவிட்டது காரணமாகலாம் என்பர். முடிவான விடை இன்னும் இல்லை.

ஓணானில் டி செல்லை ஆராய்ந்த பிச்சப்பன் அவர்களே பின்னர் மனிதரிடம் வந்தார். துண்டுகளை ஏந்தி டி செல்லுக்குக் காட்டும் எச்.எல்.ஏ. என்னும் மூலக்கூறு ஆளுக்கு ஆள் வேறுபடும். தென்னிந்தியரில் அதன் ஒரு வகைக்கும் நுரையீரல் காசநோய்க்கும் தொடர்பு உண்டு என்று அவர் குழு 1991-இல் எழுதியது. வேலியில் தொடங்கிய வழி என் தாத்தாவின் நோய் வரை வந்து சேர்ந்தது. இதைச் சொன்னதும் என் தாய் தார் சுற்றுவதைச் சற்றே நிறுத்தி, "அப்போ மீதியையும் யாராச்சும் பார்க்கணும் இல்ல?" என்றார்.

மாணவ நண்பர்களே! அந்த மீதி நம் மாவட்டத்திலேயே பிறந்த கேள்வி. அதற்கு விடை காண அயல்நாட்டார்தாம் வரவேண்டும் என்பதில்லை. நம் கல்லூரி ஆய்வுக்கூடத்திலும் நுண்ணோக்கி உண்டு. வெளியே வேலியும் உண்டு. கேள்வியைத் தேர்ந்து, அதைக் கைவிடாமல் பற்றிக்கொள்வோமாக.